கரண்ட் போன மழை நாளிலும் கடை போன் பேச வேண்டுமா? சின்ன வியாபாரத்துக்கு ஐ.வி.ஆர். அமைக்கும் முழு வழிகாட்டி

மே மாதத்துச் சனிக்கிழமை. ஒரு கையில் தராசுத் தட்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். சென்னையிலிருந்து ஒருவர் மலைக்கு வண்டியில் வர அரசு தரும் இ-பாஸ் எப்படி எடுப்பது, எத்தனை கொண்டை ஊசி வளைவு, குளிருமா, ஸ்வெட்டர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் பத்து நிமிடத்துக்கு மேல் பதில் சொன்னேன். அவர் தங்கப்போவது ஊட்டியில். எங்கள் கடையில் ஒரு பாக்கெட் தூள்கூட வாங்கவில்லை. போனை வைத்துப் பார்த்தால் கோயம்புத்தூர் பேக்கரிக்காரரிடமிருந்து மூன்று மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டேன். "நாப்பது கிலோ வேணும்னு கூப்பிட்டேங்க. லைன் பிஸியாவே இருந்துச்சு, குன்னூர்ல வேற இடத்துல சொல்லிட்டேன்" என்றார்.

கோத்தகிரியில் எங்களுக்கு ஒரு டீத்தூள், தைலக் கடை. மாடியில் இரண்டு அறைகளைச் சீசனுக்கு வாடகைக்கு விடுகிறோம். நான், வீட்டுக்காரர், ஒரு பையன், அவ்வளவுதான் ஆள்பலம். அந்த நாற்பது கிலோ போன பிறகுதான் "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" என்று பதிவுக்குரல் பேசும் வகையறாவை, அதாவது ஐ.வி.ஆரை, எங்களுக்கு ஏற்ற மாதிரி அமைக்க உட்கார்ந்தேன். இதைப் பற்றிப் படிக்கக் கிடைப்பதெல்லாம் நூறு பேர் உட்கார்ந்து போன் எடுக்கும் கம்பெனிகளுக்கானது. இரண்டு மூன்று பேர் நடத்தும் கடைக்கு என்ன செய்யலாம் என்று நான் செய்து பார்த்து, இரண்டு தடவை கலைத்துக் கட்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

கம்பெனியைத் தேடாதீர்கள், ஆப் எதையும் இறக்காதீர்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்றைப் போனுக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு வாரம் வருகிற ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எந்த ஊர், முதலில் கேட்ட கேள்வி என்ன, வாங்கினாரா, எவ்வளவு நேரம் ஆனது. கேள்வியை அவர் கேட்ட வார்த்தையிலேயே எழுத வேண்டும். இதுதான் முக்கியம். "தயாரிப்பு விவரம்" என்று எழுதி வைத்தால் பின்னால் எதற்கும் உதவாது. "டஸ்ட் டீ கிலோ என்ன விலைங்க", "தைலம் ஒரிஜினலா", "ரூம்ல சுடுதண்ணி வருமா" என்றே எழுதுங்கள். நாளைக்கு ரெக்கார்டிங்கில் பேசப்போவது இந்த வார்த்தைகள்தான்.

என் நோட்டில் பாதிக்கு மேல் வழியும் இ-பாஸும்தான். அடுத்தது அறை. தூள், தைலம் கேட்டவர்கள் குறைவு. ஆனால் காசு கொடுத்தவர்கள் அவர்கள்தான். அதாவது என் வாய் வலித்ததற்கும் கல்லாவில் விழுந்ததற்கும் சம்பந்தமே இல்லை. இதை நோட்டில் பார்க்கும்வரை நான் நம்பியிருக்க மாட்டேன். பதிவுக்குரலின் வேலை என்னவென்று அப்போது புரிந்தது: எப்போதும் ஒரே பதில் உள்ள கேள்விகளை அது வாங்கிக்கொள்ள வேண்டும், பேரம், ஆர்டர், சந்தேகம் எல்லாம் எனக்கு வந்துசேர வேண்டும்.

பழைய எண்ணை விட்டுவிடாதீர்கள்

கிளவுட் டெலிபோனி என்று சொல்லி இந்தச் சேவை தரும் கம்பெனிகள் நம் நாட்டிலேயே பல உண்டு: எக்ஸோடெல், நோலாரிட்டி, மைஆப்பரேட்டர், ஓசோன்டெல் போன்றவை. அவர்கள் ஒரு புது எண் தருவார்கள். அந்த எண்ணுக்கு வரும் அழைப்பை அவர்களுடைய சர்வர் எடுத்து, நீங்கள் பதிந்து வைத்த குரலைப் பேசவிட்டு, அமுக்கிய எண்ணுக்கு ஏற்ப உங்களுக்குத் திருப்பிவிடும். பான், ஆதார், ஜி.எஸ்.டி. அல்லது உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்று கேட்பார்கள்.

விற்பனைப் பிரதிநிதி அந்தப் புது எண்ணைப் போர்டிலும் பாக்கெட்டிலும் அடிக்கச் சொல்வார். செய்யாதீர்கள். பத்து வருடமாக ஜனங்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் எண் உங்கள் சொத்து. புது எண்ணோ, சந்தா கட்டும்வரைதான் உங்களுடையது. பழைய எண்ணே ஊருக்குத் தெரிந்த எண்ணாக இருக்கட்டும். நீங்கள் எடுக்க முடியாதபோது மட்டும் அழைப்பு அங்கே போகட்டும்.

அதற்கான வழி உங்கள் போனிலேயே இருக்கிறது. போன் ஆப்பின் செட்டிங்கில் 'கால் ஃபார்வர்டிங்' என்ற இடத்துக்குப் போனால் நான்கு வரி தெரியும்: எப்போதும், பிஸியாக இருந்தால், எடுக்காவிட்டால், தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தால். முதல் வரியைத் தொடாதீர்கள். மற்ற மூன்றிலும் புது எண்ணைப் போடுங்கள். அங்கே ஏற்கெனவே ஏதாவது எண் இருந்தால், அது பெரும்பாலும் சிம் கம்பெனியின் மிஸ்டு கால் அலர்ட் எண்ணாக இருக்கும். ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு மாற்றுங்கள். இரண்டு சிம் உள்ள போனில் எந்த சிம்முக்கு மாற்றுகிறீர்கள் என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். ஃபார்வர்ட் ஆகும் அழைப்பு உங்கள் சிம்மிலிருந்து போகும் அழைப்பாகவே கணக்காகும். பிளானில் அதற்கு இடமிருக்க வேண்டும்.

இதைச் செட்டிங்கில்தான் செய்ய வேண்டும். ஸ்டார் 401 போட்டு அடிக்கும் பழைய முறையில் மோசடி நடக்கிறது என்று தொலைத்தொடர்புத் துறை 15.4.2024 முதல் அதை நிறுத்திவைக்கச் சொன்னது. யாராவது கூப்பிட்டு "ஸ்டார் போட்டு இந்த நம்பரை அடிங்க, சரியாகிடும்" என்றால் உடனே போனை வைத்துவிடுங்கள். அடித்தால் உங்கள் ஓ.டி.பி. அழைப்புகள் அவர் போனுக்குப் போய்ச்சேரும்.

இனி நான் விழுந்த குழி. 'ஆள்கிட்டப் பேச' என்ற தேர்வில் அதே கடை எண்ணைக் கொடுத்துவிட்டேன். கடை எண் பிஸியானால் சர்வருக்குப் போகும். சர்வர் திரும்பக் கடை எண்ணைக் கூப்பிடும். அது பிஸி, ஆகவே மறுபடி சர்வருக்கு. கூப்பிட்டவர் "வணக்கம், கோத்தகிரியிலிருந்து" என்பதையே மூன்று தடவை கேட்டிருக்கிறார். ஆள் பேசும் எண் கண்டிப்பாக வேறு சிம்மாக இருக்க வேண்டும். அந்த சிம்மில் எந்த ஃபார்வர்டிங்கும் இருக்கக் கூடாது. இப்போது அது வீட்டுக்காரர் சட்டைப்பையில் இருக்கும் பட்டன் போன்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை: மாதாமாதம் கட்டலாமா, வருடத்துக்கு மொத்தமாகவா? சீசன் வியாபாரத்துக்கு வருடச் சந்தா வீண். நிமிடக் கட்டணம் தனியா? கம்பெனி தரும் அழைப்பு ரிப்போர்ட்டில் கூப்பிட்டவரின் எண் விழுமா, அல்லது ஃபார்வர்ட் ஆனதால் என் எண்ணே விழுமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு வாயால் சொல்லும் பதிலை நம்பாமல், சோதனைக் கணக்கில் போட்டுப் பாருங்கள்.

என்ன பேச வேண்டும்

வங்கிக்கோ கேஸ் கம்பெனிக்கோ போன் போட்டால் கேட்போமே, "தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்று. அப்படிச் சொல்லிவிட்டுத்தானே இருபது நிமிடம் பாட்டு போடுகிறார்கள்? அந்த வரியும் வேண்டாம், அந்தத் தமிழும் வேண்டாம். கடையில் வந்து நிற்பவரிடம் எப்படிப் பேசுவீர்களோ அப்படிப் பேசுங்கள். எங்கள் முகப்புக் குரல் இவ்வளவுதான்:

"வணக்கம், கோத்தகிரி டீத்தூள் கடைலேருந்து பேசுறோம். தூள், தைலம் வாங்க ஒண்ணு அமுக்குங்க. தங்க ரூம் வேணும்னா ரெண்டு. வழி, இ-பாஸ் விவரத்துக்கு மூணு. ஆள்கிட்டப் பேசணும்னா எதையும் அமுக்காம லைன்லயே இருங்க."

பதினைந்து நொடிக்குள் முடிந்துவிடும். என்ன வேலை என்பது முன்னால், எண் பின்னால். தமிழில் வினை கடைசியில் வருவதால் எண்ணும் அமுக்குவதும் பக்கத்துப் பக்கத்தில் விழுகின்றன; கேட்டவுடன் விரல் போகும். "எண் ஒன்றை அழுத்தவும், எங்கள் தயாரிப்புகளைப் பற்றி அறிந்துகொள்ள" என்று தலைகீழாகப் பேசினால், விஷயம் காதில் விழும்போது எண் மறந்திருக்கும்.

மூன்று தேர்வுக்கு மேல் போகாதீர்கள். நான்காவதைக் கேட்கும்போது முதலாவது நினைவில் இருக்காது. கடையின் பெருமையை முகப்பில் வைக்கவும் கூடாது. நானும் முதலில் "மலை உச்சியில், இயற்கை எழில் கொஞ்சும்..." என்று ஆரம்பித்திருந்தேன். ரிப்போர்ட்டைப் பார்த்தால் நிறையப் பேர் அந்த எழில் கொஞ்சும் இடத்திலேயே கட் பண்ணியிருக்கிறார்கள்.

எதையும் அமுக்காதவரை ஆளிடம் அனுப்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் ஒரு பட்டனை அமுக்கும்போது அடையாளத்துக்கு இரண்டு ஒலி சேர்ந்து போக வேண்டும். ஒன்றாம் பட்டனுக்கு 697 ஹெர்ட்ஸ் ஒன்று, 1209 ஹெர்ட்ஸ் ஒன்று. வளைவில் பஸ்ஸிலிருந்து பேசுகிறவரின் சிக்னல் விட்டு விட்டு வந்தால் அது போய்ச்சேராமல் போகலாம். வயதானவர்கள் பலர் போனைக் காதிலிருந்து எடுத்து பட்டனைத் தேடுவதற்குள் நேரம் முடிந்துவிடும். "தவறான உள்ளீடு" என்று சொல்லி இவர்களைத் துண்டிப்பது, கடைக்கு வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவது மாதிரி.

விலையை ரெக்கார்டிங்கில் சொல்லாதீர்கள். அது மாறிக்கொண்டே இருக்கும் என்பது ஒன்று. போனில் எழுபதும் எண்பதும் ஒரே மாதிரி கேட்கும் என்பது இன்னொன்று. தொலைபேசி வழி கிட்டத்தட்ட 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் குரலைக் கடத்தும் என்பது பழைய கணக்கு. மெல்லிய ஓசைகள் அதில் அடிபட்டுப் போகும். ஒன்றை அமுக்கியவருக்கு விலைப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பி விடுகிறோம். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் இலவசம்தான். கேட்டலாக், தானாகப் போகும் வணக்கச் செய்தி, கடை மூடிய நேரத்துக்கான செய்தி எல்லாம் அதிலேயே இருக்கின்றன.

ஜிபே எண்ணையும் வங்கிக் கணக்கையும் ரெக்கார்டிங்கில் கொடுக்கவே கூடாது. மலைப் பகுதி விடுதிகளின் பேரில் போலி ஆட்கள் முன்பணம் வாங்குவது எல்லோருக்கும் தெரிந்த கதை. எங்கள் அறைப் பகுதியின் முடிவில் "இந்தக் குரல் உங்ககிட்டப் பணம் அனுப்பச் சொல்லாது. நாங்க நேரா பேசின பிறகுதான் அட்வான்ஸ்" என்று ஒரு வரி வைத்திருக்கிறோம்.

துண்டு துண்டாகப் பதியுங்கள்

மூன்றாம் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 7.5.2024 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து சீசனுக்கு வண்டி எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6000, வார இறுதியில் 8000. அடுத்த சீசனில் இது எப்படி மாறுமோ, கலெக்டர் ஆபீஸ் அறிவிப்பைப் பார்த்துதான் சொல்ல முடியும். வழியும் அப்படியே. சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கச் சொல்லிப் போலீஸ் ஒருவழியாக்குவார்கள். அது எந்தத் தேதியிலிருந்து என்பது வருடத்துக்கு வருடம் மாறும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பதிந்தால், ஒரு வரி மாறும்போது மொத்தத்தையும் திரும்பப் பேச வேண்டிவரும். மாறாத துண்டு வேறு, மாறும் துண்டு வேறு என்று தனித்தனி ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள். இ-பாஸ் துண்டில் நான் எண்ணிக்கை எதுவும் சொல்வதில்லை. "இ-பாஸ் இலவசம். அரசு வெப்சைட்ல நீங்களே எடுக்கணும். காசு கேட்டா ஏமாறாதீங்க" என்பதோடு சரி.

ரெக்கார்டிங்: கம்பளிக்குள் ஒரு ஸ்டூடியோ

எங்கள் வீடு தகரக் கூரை. அக்டோபரில் மழை பிடித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. முதல் ரெக்கார்டிங்கைக் கேட்ட என் அக்கா "என்னடி, கடலை வறுக்குற சத்தம் பின்னாடி?" என்றாள். பிறகு மழையில்லாத ஒரு விடியற்காலை, டெம்போ ஓடத் தொடங்கும் முன், ஸ்வெட்டர்களும் கம்பளிகளும் தொங்கும் பீரோவைத் திறந்து, அதற்குள் தலையை விட்டுப் பேசினேன். துணி எதிரொலியை உறிஞ்சிவிடுகிறது. போனை வாய்க்கு நேராகப் பிடிக்காமல் கன்னத்துப் பக்கம், ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் 'ப', 'த' வரும்போது மூச்சு புஸ்ஸென்று இடிக்காது. எழுதியதை அப்படியே படித்தால் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி மாதிரி இருக்கும். நான்கு முறை படித்துவிட்டுத் தாளை வைத்துவிட்டுப் பேசுங்கள்.

ஃபைல் பெரும்பாலும் வேவ் வடிவம், மோனோ, 8000 ஹெர்ட்ஸ், 16 பிட் என்று கேட்பார்கள். இலவச ஆடியோ ஆப்பிலேயே மாற்றிவிடலாம். போய்ச்சேரும் தரமே இவ்வளவுதான் என்பதால் விலையுயர்ந்த மைக் எதுவும் வேண்டாம். கம்ப்யூட்டரே பேசும் தமிழ்க் குரலும் கிடைக்கிறது, போட்டுப் பார்த்தேன். சுத்தமாகத்தான் பேசியது, ஆனால் ரயில் லேட் அறிவிப்பு மாதிரி இருந்தது. ஆளோடு உரையாடும் ஏ.ஐ. குரல்களும் வந்துவிட்டன. நூறு அறை உள்ள ஓட்டலுக்கு ஆகலாம். இரண்டு அறைக்கு எதற்கு?

கேரளத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அழைப்பு வரும். மொழிக்கென்று தனி மெனு போட்டால் தமிழ் ஆட்களுக்கு ஒரு பட்டன் கூடுதல் வேலை. அதனால் தமிழ் முகப்பு முடிந்ததும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு வரி மட்டும்: லைனில் இருங்கள், ஆள் பேசுவார். மலையாள வரியைக் கூடலூர்த் தோழி ஒருத்தி பேசிக் கொடுத்தாள்.

மழைக்காலக் குரல்

இதற்காகவே செலவு செய்யலாம் என்பேன். வடகிழக்குப் பருவமழையில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் மரம் விழும், மண் சரியும், கரண்ட் போகும். கொஞ்ச நேரத்தில் டவரின் பேட்டரியும் தீர்ந்தால் மொத்த ஊருமே தொடர்பு எல்லைக்கு வெளியே. முன்பெல்லாம் கூப்பிட்டவர் அந்த அறிவிப்பைக் கேட்டுவிட்டு, கடையை மூடிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொள்வார்.

'தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தால்' என்ற ஃபார்வர்டிங்கைச் செய்வது உங்கள் போன் அல்ல, நெட்வொர்க். பதிவுக்குரல் இருக்கும் சர்வரோ மலையிலேயே இல்லை. ஆகவே இங்கே எல்லாம் அணைந்து கிடந்தாலும் குரல் பேசும்; கூப்பிட்டவரின் எண்ணும் பதிவாகும். மழைக்கென்று ஒரு துண்டு முன்கூட்டியே பதிந்து வையுங்கள்: "மலைல மழை, கரண்ட் இல்லீங்க. உங்க நம்பர் பதிவாகிடுச்சு. லைன் வந்ததும் நாங்களே கூப்பிடுறோம். ரூம் போட்டவங்க, ரோடு நிலவரம் கேட்காம கிளம்பாதீங்க." மழை பிடித்தபின் அதை மாற்றிப் போட உங்களிடம் நெட் இருக்காது. அதனால் சமவெளியில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடம் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்து வையுங்கள். எனக்கு மேட்டுப்பாளையத்தில் தம்பி இருக்கிறான். "மழைப் பாட்டைப் போடு" என்று ஒரு எஸ்.எம்.எஸ். போனால் போதும், அதுவும் போகாவிட்டால் டி.வி. செய்தியைப் பார்த்து அவனே போட்டுவிடுவான்.

திருப்பிக் கூப்பிடுவதில்தான் விற்பனை

குரல் பேசினால் பொருள் விற்காது. அது ஒரு பட்டியலைத் தரும், அவ்வளவுதான். அந்தப் பட்டியலை அன்றே தீர்க்க வேண்டும். ஒன்றை அமுக்கியவர்கள் முதலில். டீக்கடைக்காரர்களைக் காலை ஆறிலிருந்து பத்துவரை கூப்பிட்டால் பாய்லரை விட்டு வர மாட்டார்கள்; பதினொரு மணிக்குமேல் நிதானமாகப் பேசுவார்கள். பேக்கரிக்கு மதியம். அறை கேட்டவர் ஐந்து இடத்தில் விசாரித்துக்கொண்டிருப்பார், அவரை மட்டும் அரை மணிக்குள் கூப்பிட்டுவிடுங்கள்.

பழைய வாடிக்கையாளர்களை மெனுவில் நிற்க வைக்காதீர்கள். நான் வைத்தேன். திருப்பூர் டீக்கடைக்காரர் ஒருவர் லைனிலேயே இருந்து, நான் எடுத்ததும் சொன்னார்: "ஏனுங் அம்மணி, பத்து வருசமா உங்ககிட்டத் தூள் வாங்கறேன். என்னையப் போயி ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னு மெசினைப் பேச உட்டுட்டீங்களே?" அன்றே அவர் எண்ணையும் மற்ற வாடிக்கைகளின் எண்களையும் நேரடிப் பட்டியலில் சேர்த்தேன். இந்த எண்கள் வந்தால் குரல் பேசாமல் நேராகப் பட்டன் போனுக்குப் போகும். இந்த வசதி இல்லாத சேவையை வாங்காதீர்கள்.

நாமாகக் கூப்பிட்டுப் பேச வைக்கலாமா?

"புது தைலம் வந்திருக்கு" என்று ஆயிரம் பேருக்கு ரெக்கார்டிங்கை அனுப்பித் தருகிறோம் என ஒரு ஏஜென்ட் கட்டாயம் வருவார். வேண்டாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டுவந்த வணிகத் தகவல்தொடர்பு விதிகளின்படி, விளம்பர அழைப்புக்கு முறையாகப் பதிவு செய்ய வேண்டும்; அதற்கென 140 வரிசை எண்கள் இருக்கின்றன. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து செய்தால், கேட்டவர் 1909-இல் புகார் கொடுக்க, நம் லைனே துண்டிக்கப்படலாம். பாக்கெட்டில் அச்சடித்த எண் போனால் கடையே போன மாதிரி. அவர்களாகக் கூப்பிட்டதற்கு நாம் திருப்பிப் பேசுவது வேறு. பேச்சைப் பதிவு செய்தால் மட்டும் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூப்பிட்டவர்களின் எண்களை யாருக்கும் விற்காதீர்கள், இரவல்கூடக் கொடுக்காதீர்கள்.

திறக்குமுன் ஐந்து பேர்

வீட்டுப் பெரியவர் ஒருவர், பள்ளிப் பிள்ளை ஒன்று, தமிழ் அரைகுறையாகத் தெரிந்தவர் ஒருவர், பட்டன் போன்காரர் ஒருவர், பொறுமையே இல்லாதவர் ஒருவர் என ஐந்து பேரைக் கூப்பிடச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் முகத்தைப் பாருங்கள். என் மாமியார் "வணக்கம்" என்று வந்ததும் "வணக்கம் கண்ணு, நல்லாருக்கியா" என்று பதில் சொல்லத் தொடங்கிவிட்டார். அவர் நலம் விசாரித்து முடிப்பதற்குள் மூன்று தேர்வும் ஓடிவிட்டன. அதனால் வணக்கத்துக்குப் பிறகு ஒரு நொடி இடைவெளி விட்டு மறுபடி பதிந்தேன். மெனுவும் இப்போது இரண்டு முறை வரும்.

பிறகு மாதத்துக்கு ஒருநாள் உங்கள் எண்ணுக்கு நீங்களே போன் போட்டு முழுவதும் கேளுங்கள். நான் ஒரு வருடம் அதை மறந்தேன். தை பிறந்து, பொங்கலுக்கு வைத்த கோலம் வாசலில் இன்னும் அழியாத ஒரு நாள். ஈரோட்டிலிருந்து ஒரு பெரியவர் எதையும் அமுக்காமல் லைனிலேயே இருந்து, நான் எடுத்ததும் நிதானமாகச் சொன்னார்: "உங்களுக்கும் தீபாவளி வாழ்த்துங்க. அரைக் கிலோ தூள் வேணும்."